காலிச் சாக்கு என்ன எடை?

அன்புள்ள அக்காவுக்கு,

சிவகிரி பக்கம் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். வயது 54. சபையில் பொருளாளர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் ஒரு வருஷமும் தவறியதில்லை. களத்திலேயே எடை போட்டு, சாக்கின் எடைக்காக மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு மட்டும் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே பணம் கொடுப்பவன் என்று பேர் எடுத்திருக்கிறேன். கவலை என் மகனைப் பற்றித்தான். பி.காம். முடித்துக் கோவையில் வேலையில் இருக்கிறான். மூன்று வருஷமாகக் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வரவில்லை. காரணம் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். கெட்ட சகவாசம் இல்லை, பொறுப்புதான் கம்மி. காலேஜ் லீவில் கடையில் உட்காரச் சொன்னால் காலிச் சாக்கைத் தராசில் போட்டு விளையாடிக்கொண்டிருப்பான், அதட்டியிருக்கிறேன். அவன் அம்மா வெள்ளிதோறும் உபவாசமிருந்து ஜெபிக்கிறாள். ஆயரை விட்டுப் பேசச் சொல்லலாமா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகுமா?

– ஒரு தகப்பன்

தம்பி,

மகன் கோயிலுக்கு வருவதில்லை என்று எனக்கு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. செல்போன், காலேஜ், ஹாஸ்டல் என்று எல்லாரும் ஒரு சாக்குச் சொல்வார்கள். நீங்கள் நிஜச் சாக்கையே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

அவன் விளையாடவில்லை. கணக்குப் படித்த பையன் காலிச் சாக்கை எதற்குத் தராசில் போடுவான்? நானும் எங்கள் தெரு மளிகைக் கடையில் கேட்டு ஒரு சணல் சாக்கைப் போட்டுப் பார்த்தேன். 970 கிராம். தூசி தட்டாத சாக்கு அது. நீங்கள் பிடிப்பது இரண்டு கிலோ. மீதி ஒரு கிலோவுக்கு என்ன பேர் தம்பி? உங்கள் மகன் அதற்கு ஒரு பேர் வைத்திருப்பான். அதை அப்பனிடம் சொல்ல வாய் வராமல்தான் பேச்சை மாற்றுகிறான்.

வருஷத்துக்கு ஆயிரம் மூட்டை என்று வைப்போம். ஆயிரம் கிலோ, அதாவது பத்து குவிண்டால். கிலோ நூறு ரூபாய் என்று தாழ்த்தியே போட்டாலும் ஒரு லட்சம். அதில் தசமபாகம் பத்தாயிரம். கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, பொருளாளராக நீங்களே அதை எண்ணி ரசீதும் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு கிலோதானே என்பீர்கள். மஞ்சள் வியாபாரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பச்சைக் கிழங்கு ஐந்து கிலோ வெந்து காய்ந்தால்தான் கைக்கு ஒரு கிலோ வரும். வைகாசி, ஆனியில் நட்டு, காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீருக்கு முறை காத்துக் கட்டி, தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, களத்தில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, பாலீஷ் போட்டுக் கொண்டுவருகிறான் பாருங்கள் விவசாயி, அவன் தோண்டிய ஐந்து கிலோ அது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீங்களும் மார் தட்டியிருப்பீர்கள்.

மற்றவர்கள் மூன்று கிலோ பிடிக்கிறார்கள் என்று பதில் எழுதாதீர்கள். படிக்க மாட்டேன்.

‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.’ நீதிமொழிகள் 11:1. சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். ஓய்வுநாள் பள்ளியில் உங்கள் பையன் இதை மனப்பாடமாக ஒப்பித்திருப்பான், நீங்களும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். உங்கள் தராசு கள்ளத்தராசு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், அதையும் போட்டிருப்பீர்கள். தராசு பாவம், உள்ளதைத்தான் காட்டுகிறது. நோட்டில் எழுதும்போதுதான் உங்கள் கை வேறு எண்ணுக்குப் போகிறது. அந்த நோட்டையும் லீவில் அவனைத்தானே எழுத வைத்திருப்பீர்கள்?

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, தாராபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெரிய படிப்பு கிடையாது. படியில் அரிசியை அள்ளி, ஒரு குலுக்குக் குலுக்கி, மேலே கோபுரமாக நிற்கும்படி இன்னொரு கை போடுவார். நாலு மணி சரிந்து சாக்கில் விழும். ‘அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி’ என்று லூக்காவில் வருகிறதே, அவருக்கு அது வசனம் இல்லை, அளக்கிற முறை. கடை பெருக்கும்போது அந்த நாலு மணியைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது என் வேலை. சம்பாதித்து எதையும் கட்டிவைக்கவில்லை மனுஷன். ராத்திரி ஒரு கீர்த்தனை பாடுவார், சுருதி சேராது, பாதியிலேயே தூங்கிப்போவார். எனக்கு விசுவாசம் வந்தது பிரசங்கத்தில் இல்லை, அந்தக் கடைத் திண்ணையில்.

கல்யாணம் மருந்து இல்லை. உங்கள் வீட்டு மருந்துக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணை ஏன் அரைக்கிறீர்கள்? ஆயரையும் அனுப்பாதீர்கள். பொருளாளரின் மகனிடம் அவர் என்ன பேச முடியும்?

என்னை அதிகமாகக் கோபப்படுத்தியது உங்கள் வீட்டம்மா பட்டினி கிடப்பது. நீங்கள் பிடித்த கிலோவுக்கு அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை வயிற்றைக் காயப்போடுகிறது. முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

மகனையும் நான் விடமாட்டேன். அப்பன் தப்புச் செய்தால் நேரே உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்கத் தைரியமில்லாமல் பெத்தவளைப் பண்டிகையன்று தனியாக விடுவது எந்த ஊர் நேர்மை? அவன் எழுதினால் அவனுக்கும் இதே சூட்டில் பதில் வரும்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் காலிச் சாக்கைத் தராசில் போடுங்கள். அந்த எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் போர்டில் எழுதுங்கள், இனி அதுதான் கழிவு. இந்த வருஷ நோட்டை எடுத்து, யார் யாருக்கு எத்தனை கிலோ என்று பார்த்து, பணத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேதத்தில் வரும் வரி வசூலிக்கிற சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தான். நீங்கள் ஒன்றுக்கு ஒன்றாவது கொடுங்கள். களத்தில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் போடுங்கள். கோயில் பேச்சே வேண்டாம். “சாக்கை எடை போட்டுப் பார்த்தேன் சாமி” என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று அவனே சொல்வான்.