பட்டா மேலே, தங்கம் கீழே

சுரங்கத்துக்கு நிலம் பார்க்கும் வேலையில் பல வருடம் கழித்தவன் என்பதால் சுரங்க நிலம் பற்றிய கேள்விகள் என்னிடம் வருகின்றன. இந்த முறை நான்கு.

ஆந்திராவில் கர்நூல் மாவட்டம் துக்கலி பக்கம் ஆறு ஏக்கர், அப்பா பெயரில் பட்டா. அடியில் தங்கம் இருந்தால் அது யாருக்குச் சொந்தம்?

துக்கலி என்றால் ஜொன்னகிரி பக்கம்தான். மழை விட்டதும் ஜனங்கள் வயலில் வைரம் பொறுக்கக் கிளம்பும் ஊர். அதே மண்ணில் இப்போது தங்கச் சுரங்கமும் வந்திருக்கிறது.

கீழே இருக்கும் கனிமமெல்லாம் அரசுடையது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படிப் பொதுவாகச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, நிலத்தின் சொந்தக்காரருக்கே அடிநிலக் கனிமமும் சேரும் என்று மலபார் நிலங்கள் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சொன்னது. ஆனால் சொந்தம் வேறு, தோண்டுவது வேறு. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி சுரங்கக் குத்தகை இல்லாமல் நீங்கள் ஒரு கிராம் தங்கம்கூட வெட்டி எடுக்க முடியாது. 2015க்குப் பிறகு அந்தக் குத்தகையை ஏலத்தில்தான் தருகிறார்கள், எடுப்பவர் வேறு யாரோவாகத்தான் இருப்பார். ஆகவே நீங்கள் பேரம் பேச வேண்டியது நிலத்தின் மேற்பரப்பை வைத்து. (பானையில் பொற்காசு கிடைத்தால் கதையே வேறு. அது 1878ஆம் வருடப் புதையல் சட்டத்தில் வரும்.)

சுரங்கக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சுரங்கக் குத்தகைப் பத்திரம் பதிவாகிவிட்டது. கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு நிலத்துக்குள் போக அனுமதிக்கிறதே, அப்புறம் ஏன் ஒவ்வொரு விவசாயியிடமும் போய் நிற்கச் சொல்கிறார்கள்?

அனுமதிப்பது உண்மைதான். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டி வேலி போட்ட தோட்டத்துக்குள்ளோ போவதாக இருந்தால் மட்டும், குடியிருப்பவர் சம்மதிக்காதபோது ஏழு நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் அதே பிரிவு, நிலத்தின் மேற்பரப்பை அனுபவிப்பவருக்கு வரும் நஷ்டத்தைச் சுரங்கக் குத்தகைக்காரர் ஈடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஜேசிபியோடு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனி சர்வே நம்பர் நம்பராகச் சரியாக வாங்கி வேலியும் போட்டுவிட்டது. சுடுகாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை வேலிக்குள் மாட்டிக்கொண்டது. அந்தப் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை. முதல் சாவு விழுந்த அன்று வேலி போயிற்று, அப்புறம் எட்டு மாதம் வேலையும் நின்றது. ஆட்டுப் பாதை, ஓடைக்கரை, குலதெய்வக் கல் எல்லாவற்றையும் ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். ஏழைகளுக்கு அரசு கொடுத்த ஒப்படைப்பு நிலத்தைச் சாதாரணப் பட்டா நிலம்போல் கிரயம் பேசாதீர்கள். அதை விற்க ஆந்திராவில் 1977லேயே தடை வந்தது. பிறகு தளர்த்தல்கள் வந்திருந்தாலும், நிபந்தனையைப் படிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பட்டாதாரர் பெங்களூரில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக வாய்ப்பேச்சுக் குத்தகையில் நான்தான் கடலை போடுகிறேன். சுரங்கம் வந்தால் இழப்பீடு அவருக்கா, எனக்கா?

அதே 24ஏ பிரிவில் இருக்கும் சொல் சொந்தக்காரர் அல்ல, நிலத்தின் மேற்பரப்பை அனுபவத்தில் வைத்திருப்பவர். அந்தச் சொல் உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் கையில் காகிதம்தான் இல்லை. அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், பயிர் செய்பவர் என்று உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் உர ரசீது, பயிர்க் காப்பீடு, கூட்டுறவு வங்கிக் கடன் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். பட்டாதாரரோடு சண்டை போடாமல், நிலத்தின் விலை அவருக்கு, பயிர் நஷ்டம் உங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

தொகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதேபோன்ற நிலத்தில் முந்தைய மூன்று வருடச் சாகுபடியில் கிடைத்த நிகர வருமானத்தின் சராசரிதான் ஓராண்டு இழப்பீடு. ராயலசீமையில் மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்ப்பது புதிதல்ல, அப்போது சராசரி பரிதாபமாக இருக்கும். விதி தருவதை அடிமட்டமாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் கேளுங்கள். அரசு கையகப்படுத்தித் தந்துவிடும் என்று கம்பெனிக்காரர் மிரட்டினால் பயப்படாதீர்கள். தனியார் கம்பெனிக்கு எடுப்பதென்றால் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்க வேண்டும், சமூகத் தாக்க ஆய்வும் நடக்க வேண்டும். அது அவர்களுக்கே தலைவலி.

கோலார் தங்கவயலில் தாத்தா காலத்து லைன் வீடு, சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்தது. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு எங்களுடையது ஆகிவிட்டதா?

சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அரசு நிலத்தில் 30 வருடம் இருந்தால் உரிமை வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேலைக்காரருக்கு நிர்வாகம் குடியிருக்கக் கொடுத்த வீடு அந்தக் கணக்கில் வராது. அனுமதியோடு இருந்த காலம் எத்தனை வருடமானாலும் எதிர் அனுபவம், அதாவது சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் நீண்ட காலம் அனுபவித்து உரிமை பெறுவது, ஆகாது. தாத்தாவின் வேலைச் சான்று, வீடு ஒதுக்கிய கடிதம், மின் ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விற்பனையோ ஒதுக்கீடோ அறிவிப்பு வந்தால் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.