எழுதி ஆடும் டி அண்ட் டி: கூட்டாளி தேடுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

எட்டு வருஷமாக டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எழுத்து வழியாகவே டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) நடத்திவருகிறேன். ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டி, கூட்டாகக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. மைக் கிடையாது, கேமரா கிடையாது. கதையை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) காட்சியை எழுதுவார், ஆடுபவர்கள் நேரம் கிடைக்கும்போது தங்கள் கேரக்டர் என்ன செய்கிறது என்று எழுதுவார்கள், பகடையை பாட் என்ற தானியங்கி நிரல் உருட்டிக் காட்டும். ஆள் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை.

கோவை, கல்லூரி மாணவர்: ஆள் எங்கே கிடைப்பார்கள்?

ரெடிட் தளத்தில் ‘எல்எஃப்ஜி’ (‘குழு தேடுகிறேன்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) பகுதி இருக்கிறது. ஆர்பிஜி கிராஸிங் என்ற தளம் எழுத்து ஆட்டத்துக்கென்றே பல வருஷங்களாக நடக்கிறது. டிஸ்கார்டில் சர்வர் எனப்படும் குழுக்களுக்கும் குறைவில்லை. இடம் கிடைப்பது எளிது, விளம்பரம் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘டி அண்ட் டி ஆட ரொம்ப ஆசை, யாராவது சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் எந்த டிஎம்மும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒருமுறை எனக்கு வந்த விண்ணப்பம் இது:

‘இந்திய நேரம் இரவு 9 முதல் 11 வரை எழுத முடியும். வாரம் 4 பதிவு உறுதி. 2014 பதிப்பு விதிகள் தெரியும். சண்டையைவிடப் பேரம் பேசும் காட்சிகள் பிடிக்கும். டிசம்பரில் பரீட்சை, இரண்டு வாரம் வரமாட்டேன்.’

அந்தக் கடைசி வரிக்காகவே உடனே சேர்த்துக்கொண்டேன். எப்போது வரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்கிறவர் பாதியில் விட்டுப் போவது அபூர்வம்.

திருச்சி: நன்றாக எழுதத் தெரிந்தவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்களைத் தேடாதீர்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எழுத்தின் அழகைப் பார்க்காதீர்கள், வாரத்துக்கு எத்தனை பதிவு என்று கேளுங்கள்.

என் மூன்றாவது கேம்பெயினில் (நீண்ட தொடர்கதை ஆட்டம்) ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பதிவும் அறுநூறு வார்த்தை. மழை பெய்தால் நமக்கே நனைந்ததுபோல் இருக்கும். ஆனால் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறைதான் வருவார். ஒரு மரப்பாலத்தின் நடுவே அவருடைய கேரக்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்ற மூன்று பேரும் கரையில் காத்திருந்தார்கள். முதல் வாரம் கேலி பேசினார்கள், இரண்டாம் வாரம் அமைதியானார்கள், மூன்றாம் வாரம் ஒருவர் விடைபெற்றார். ஆட்டம் அந்தப் பாலத்திலேயே செத்துப்போனது.

அதற்கு அடுத்த குழுவில் க்ளெரிக் (பூசாரி) கேரக்டரை ஆடியவர் தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றே வரி எழுதுவார். எழுத்துப்பிழையும் இருக்கும். அந்த மூன்று வரியைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் கை ஓடும். இரண்டரை வருஷம் ஓடியது அந்த ஆட்டம்.

டொராண்டோ: என் நண்பர்கள் சென்னையில். நேரம் ஒத்துவருமா?

தாராளமாக. சென்னையில் இரவு 9 என்றால் உங்களுக்குக் கோடையில் காலை 11.30. குரல் வழி ஆட்டத்துக்கு அது இடைஞ்சல், எழுத்துக்கு இல்லை. அவர்கள் எழுதிவிட்டுத் தூங்கப் போவார்கள், எழுந்திருக்கும்போது உங்கள் பதில் இருக்கும்.

வேலூர்: சண்டை வந்தால் ஒரு மாசம் ஆகிறது. அதிலேயே ஆட்கள் கழன்றுவிடுகிறார்கள்.

நல்ல கேள்வி. ஆள் பிடிப்பதைவிட, பிடித்த ஆளைத் தக்கவைப்பதுதான் கஷ்டம். சண்டையில் யாருக்குப் பின் யார் என்று பகடை உருட்டி வரிசை வைக்கும் இனிஷியேட்டிவ் விதி, எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆடுவதற்காக எழுதப்பட்டது. நாலு ஆட்டக்காரர், மூன்று வகை எதிரிகள் என்றால் ஒரு சுற்றுக்கு ஏழு முறை. ஒவ்வொன்றுக்கும் அரை நாள் காத்திருந்தால் ஒரு சுற்றுக்கே மூன்றரை நாள்.

நான் செய்வது இது. எதிரிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே உருட்டு. அதைவிட அதிகம் உருட்டியவர்கள் முதலில், எந்த வரிசையிலும், எழுதலாம். அப்புறம் எதிரிகள் மொத்தமாக. அதன் பின் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 24 மணி நேரம், மறுபடி எதிரிகள். வராதவருடைய கேரக்டர் அந்தச் சுற்றில் தற்காத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ‘கோப்ளின் (குட்டிப் பூதம்) பக்கத்தில் வந்தால் கோடாரி, ஓடினால் ஈட்டி’ என்று நிபந்தனையோடு எழுதப் பழக்குங்கள். பாதி காத்திருப்பு குறைந்துவிடும்.

சேலம்: ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மதுரை: தமிழிலேயே ஆடலாமா?

ஆடலாம், ஆடுகிறோம். ஒரே ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் டிஎம் எல்லோரையும் ‘யூ’ என்ற ஒரே சொல்லால் கூப்பிட்டுவிடலாம். தமிழில் ‘கதவைத் திறக்கிறாய்’ என்பதா, ‘திறக்கிறீர்கள்’ என்பதா? என் குழுவில் 52 வயது ஐயா ஒருவர் ஆடுவது பதினாறு வயதுத் திருடன். நான் கேரக்டரின் பெயரைச் சொல்லிப் படர்க்கையில் எழுதுகிறேன்: ‘கொற்றன் கதவைத் திறக்கிறான்.’

மதுரை மறுபடியும்: படர்க்கையில் எழுதினால் கதை படிப்பதுபோல் ஆகிவிடும். ‘நீ’ என்றால்தான் நானே அங்கே நிற்கிறேன் என்று தோன்றும்.

இரண்டு நாளாக எங்களுக்குள் இந்த வாதம்தான் ஓடுகிறது. ‘நீ’ என்றால் நெருக்கம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டாளி தேடும் நிலையில் இருக்கிறீர்கள், முன்பின் தெரியாதவர் வரப்போகிறார். முதல் பதிவிலேயே ‘நீ’ என்றால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும்.

யாழ்ப்பாணம்: எங்களிடம் ‘நீர்’ இருக்கிறதே?

அருமை. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் நிற்கும் மரியாதை. ‘நீர் கதவைத் திறக்கிறீர்’. ஒரு கிழட்டு மந்திரவாதி வழிப்போக்கனிடம் பேசுவதுபோலவே இருக்கிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு இது பழைய நாடகம்போலக் கேட்கலாம். ஆனால் ராஜாக்களும் டிராகன்களும் உள்ள ஆட்டத்துக்கு அதுவே பலம். அடுத்த ஒன்-ஷாட்டில் (ஒரே கதையோடு முடியும் ஆட்டம்) எழுதிப் பார்க்கப்போகிறேன்.

எதை எடுத்தாலும் சரி, முதல் நாளே, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஜீரோவிலேயே, பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நெல்லை: புத்தகம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 ஜனவரியிலிருந்து இலவசம். தொடங்க அது போதும்.

ஈரோடு, ஒரு தாய்: மகனுக்குப் பதினைந்து வயது. முன்பின் தெரியாதவர்களோடு ஆட விடலாமா?

பெரியவர்கள் குழுவில் வேண்டாம் அம்மா. பள்ளி நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துத் தனி சர்வர் திறக்கச் சொல்லுங்கள், நீங்களும் அதில் இருங்கள். போன் நம்பர், பள்ளிப் பெயர், போட்டோ எதையும் யாருக்கும் தரக்கூடாது. ‘தனியாகப் பேசலாம் வா’ என்று யாராவது கூப்பிட்டால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். ஆட்டமும் அரட்டையும் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே நடக்கட்டும்.

தஞ்சாவூர்: ஆள் எங்கே தேடுவது? நல்லா எழுதுறவங்க வேணும்.

இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. மறுபடி சொல்கிறேன்: வாரத்துக்கு எத்தனை பதிவு என்று கேளுங்கள். முதலில் ஐந்து பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். இரண்டு வாரத்தில் முடியும் சின்னக் கதையை ஆடிப் பாருங்கள்.

புதுச்சேரி: சொல்லாமல் காணாமல் போனவரை என்ன செய்வது?

நாலு நாள் பாருங்கள். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள், ‘நலமா?’ என்று மட்டும், குற்றம் சாட்டாமல். ஏழாம் நாள் கதையை நகர்த்திவிடுங்கள். ஆனால் கேரக்டரைக் கொல்லாதீர்கள். ஏதாவது ஒரு சத்திரத்தில் காய்ச்சலோடு படுக்க வையுங்கள்.

என் குழுவில் ஒருவரை அப்படிப் படுக்கவைத்தோம். எட்டு மாதம் கழித்து, குழந்தை பெற்று, கைக்குழந்தை தூங்கிய நேரத்தில் ஒரு வரி எழுதினார்: ‘காய்ச்சல் விட்டுவிட்டது. எவ்வளவு தூரம் போய்விட்டீர்கள்?’ மற்ற மூன்று பேரும் அன்றிரவே குதிரைகளைத் திருப்பினார்கள்.