விண்கலக் கருவிகளின் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் அப்படி என்னதான் செய்வார்?

மதுரையில் ஈஈஈ (மின், மின்னணுப் பொறியியல்) படிக்கும் பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்வி. விண்கலத்தில் கேமரா, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி என்று கருவிகள் போகும். அவற்றுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுத்து, சென்சாரின் மெல்லிய சிக்னலை எண்ணாக்கி, கணினிக்கு அனுப்பும் போர்டுகளை வடிவமைப்பவர் இவர். அனுபவம் ஏறினால் குழுவை நடத்துவார். அப்புறம் சால்டரிங்கைவிட சோதனை அறிக்கைதான் கையில் அதிகம் இருக்கும்.

சிரமம் எங்கே என்றால், டவுன்ஹால் ரோட்டில் செல்போன் பழுதுபார்க்கிறவர், ஐசி போனால் சூடுகாற்று அடித்துப் பெயர்த்துவிட்டு வேறு போடுவார். மேலே போன போர்டை யாரும் தொட முடியாது. காற்றும் கிடையாது. சித்திரை வெயிலில் நம் வீட்டு இன்வெர்ட்டரை ஃபேன் காப்பாற்றுகிறது. வெற்றிடத்தில் ஃபேன் சுற்றி என்ன பயன்? சூடு, போர்டின் செம்பு வழியாக உலோகப் பெட்டிக்கு இறங்கியாக வேண்டும். கதிர்வீச்சு வேறு. ஒரு துகள் பாய்ந்தாலே நினைவகத்தில் 0 என்பது 1 ஆகிவிடலாம். அதனால்தான் ஏவும் முன்பே குலுக்கி, வெற்றிட அறையில் சூடாக்கி, குளிரவைத்து, போர்டைப் படுத்தி எடுக்கிறார்கள்.

விண்வெளி என்றாலே புத்தம்புது சிப் என்று பலர் நினைக்கிறார்கள்; 2020-இல் செவ்வாய்க்குக் கிளம்பிய பெர்சிவரன்ஸ் ரோவரின் மூளையான ராட்750 சிப், 1997-இல் வந்த பவர்பிசி 750 என்ற கணினி சிப்பின் வழிவந்தது, வேகம் 200 மெகாஹெர்ட்ஸ் வரைதான்.