மானியத்தில் வந்த வேலை நிலைக்குமா?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு 20 ஆண்டுகளாக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குப் பார்க்கிறேன். பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா பற்றி பெங்களூருத் தமிழர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில். முதல்முறை வேலைக்குச் சேர்பவருக்கும், கூடுதலாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கும் மத்திய அரசு பணம் தரும் திட்டம் இது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கானது.

கேள்வி: முதல் வேலை, பி.எஃப். சம்பளம் 12,000. எனக்கு 15,000 வருமா?

வராது, தம்பி. 15,000 என்பது உச்சவரம்பு. கிடைப்பது ஒரு மாதச் சம்பளம், ஆகவே உங்களுக்கு 12,000தான், அதுவும் இரண்டு தவணையாக. 6 மாதம் முடிந்தால் ஒன்று. 12 மாதம் முடிந்து, நிதியறிவுப் பாடமும் படித்தால் மற்றது.

கேள்வி: என் லேத் பட்டறையில் 30 பேர். ஒருவரைச் சேர்த்தால் பணம் உண்டா?

50 பேருக்குக் குறைவென்றால் கூடுதலாக இருவரையாவது சேர்த்து 6 மாதம் வைத்திருக்க வேண்டும். சம்பளம் 20,000ஐத் தாண்டினால் தலைக்கு மாதம் 3,000. உங்களுடையது உற்பத்தித் துறை என்பதால் 4 ஆண்டுகள். ஆனால் 3,000 வருகிறதே என்று 22,000 சம்பளத்துக்கு யாரும் ஆள் எடுப்பதில்லை. ஆர்டர் இருந்தால் எடுப்பீர்கள், மானியம் மேல்வரும்படி.

கேள்வி: ஐயா, ஆயத்த ஆடை ஆலையில் 6 ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் தைக்கிறேன். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அடையாள அட்டைக் கயிற்றின் நிறம்தான் மாறுகிறது. இனியாவது நிரந்தரம் ஆகுமா?

இதனால் ஆகாது, அம்மா. பி.எஃப். பட்டியலில் தலை கூடியதா என்றுதான் திட்டம் பார்க்கிறது. நிரந்தரப் பணி ஆணையைக் கேட்பதில்லை. 2018இல் முந்தைய திட்டத்தில் புதிய தொழிலாளர்களுக்காக முதலாளி கட்டவேண்டிய 12 சதவீத பி.எஃப். பங்கை அரசே கட்டியது. நான் கணக்கெழுதிய ஒரு பட்டறையில் அப்போது 5 'புதியவர்கள்' சேர்ந்தார்கள். ஐவரும் பல ஆண்டுகளாக அங்கேயே கையில் கூலி வாங்கியவர்கள்! ஏமாற்று என்றாலும் அவர்களுக்கு பி.எஃப். வந்ததே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

நிரந்தர வேலைக்கே சலுகை என்று இத்தாலி 2015இல் செய்து பார்த்தது. ஆண்டுக்கு 8,060 யூரோ வரை, 3 ஆண்டுகளுக்கு, முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு தள்ளுபடி. அடுத்த ஆண்டு அது 40 சதவீதமாகச் சுருங்கும் என்றதும் டிசம்பரில் நிரந்தர ஆணைகள் குவிந்தன. ஜனவரியில் வேகம் படுத்துவிட்டது.

கேள்வி: மானியம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்களா?

மூட்டை தூக்குபவரை அனுப்பலாம். சி.என்.சி. (கணினியால் இயங்கும்) இயந்திரத்தில் புரோகிராம் போடக் கற்றவரை அனுப்பினால் நட்டம் முதலாளிக்குத்தான்.

கேள்வி: ஓசூரிலிருந்து தினமும் பொம்மசந்திரா வருகிறேன். கர்நாடகத்தில் வீடு இல்லை. எனக்கும் உண்டா?

உண்டு. வீட்டு முகவரி தடையில்லை. ஆனால் இது உங்கள் முதல் பி.எஃப். வேலையாக இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கும் வேண்டும்.