உங்கள் உடன்பிறந்தவர் தன் கையால் செய்ததில் உங்களால் மறக்கவே முடியாதது எது?

என் அண்ணன் செய்த கார். இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, பாடி முழுக்க ஃபைபர். கோயம்புத்தூர் பீளமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், 1980களின் நடுவில் கட்டினான்.

அண்ணனுக்கு இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் பேட்டர்ன் ஷாப்பில் வேலை. பம்ப்செட் பாகங்களை வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செதுக்கித் தர வேண்டும்; அதுதான் பேட்டர்ன். அதை மண்ணில் பதித்து எடுத்த குழியில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். இதைச் சொல்லாமல் அந்தக் காரைப் பற்றிப் பேச முடியாது.

அடியில் இருந்தது ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 948 சிசி என்ஜின். 1961-லிருந்து மெட்ராஸில் தயாரான வண்டி. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடியேதான் சேஸும், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமும். அதை எடுத்துவிட்டால் காரே இல்லை. ஹெரால்டுக்குத் தனி சேஸ். போல்ட்டைக் கழற்றி மேல்பகுதியை இறக்கிவிட்டால், என்ஜினும் ஸ்டியரிங்கும் சக்கரங்களுமாக அது தனியே நிற்கும். கதவும் தரையும் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. பெங்களூரில் சிபானி கம்பெனி டால்பின் என்று ஃபைபர் பாடி கார் விட்டிருந்த காலம் அது. ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், "நம்மாலும் முடியும் அம்மிணி" என்றான்.

முதலில் பிளைவுட் சட்டங்கள், அவற்றின் மேல் சாக்கு, அதற்கும் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். காரின் முழு உருவமும் அப்படி எழுந்தது. தேய்ப்பது, புட்டி வைப்பது, மறுபடி தேய்ப்பது, பெரும்பாலான மாதங்கள் இதிலேயே போயின. அதன்மேல் மெழுகு தடவி ஃபைபரில் மோல்டு, அதாவது அச்சு, எடுத்தான். அந்த மோல்டுக்குள்தான் பாடி பிறக்கும். மோல்டைப் பிரிக்கும்போது பிளாஸ்டர் உருவம் உடைந்து போனது. அத்தனை உழைப்பும் உடைகிறதே என்று நான் அழுதேன். அவன் நிம்மதியாகச் சிரித்தான், மோல்டு கீறல் இல்லாமல் வந்துவிட்டதே என்று.

கண்ணாடி இழையோடு சேர்ந்து இறுகி ஃபைபர் ஆகிற பிசின்தான் ரெசின். அந்த வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் தடவி முடிப்பதற்குள் இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்டை முதலில் ரெசினில் கலந்து, இறுக வைக்கும் ஹார்டனரைக் கடைசியில்தான் விட வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால் இரண்டு புட்டிகளையும் கொட்டகையின் எதிரெதிர் மூலைகளில்தான் வைப்பான். கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினில் ஊறவைத்து, ரோலரால் குமிழிகளை வெளியேற்றுவது என் பங்கு. அறுக்கும்போது பறக்கிற தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். ரெசின் வாசம் துணிக்கொடி வரைக்கும் வரும். அம்மா திட்டிக்கொண்டேதான் இருவருக்கும் காபி கொண்டுவருவார்.

பார்த்தவர்கள் பலரும் "ஃபாரின் கார் மாதிரி பண்ணியிருக்கான்" என்றார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை, இன்றும் ஒப்பாது. மண்ணிலிருந்து பேட்டர்ன் சிதையாமல் வெளியே வர, அதன் பக்கங்களுக்கு லேசான டேப்பர், அதாவது சாய்வு, கொடுப்பார்கள். மோல்டிலிருந்து ஃபைபர் கழன்று வரவும் அதே டேப்பர் வேண்டும். அண்ணன் காரின் பக்கங்கள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்தது அதனால்தான். பெரிய தட்டைப் பரப்பு ஒன்றுகூட அதில் கிடையாது. ரெசின் இறுகும்போது சுருங்கும்; தட்டையாக விட்டால் அலை அலையாகத் தெரியும், பலமும் இருக்காது. இரும்பு ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டே பழகிய கை, எல்லா இடத்திலும் மெல்லிய வளைவு வைத்தது. அந்த உருவம் எந்தப் பத்திரிகைப் படத்திலிருந்தும் வரவில்லை. பீளமேட்டு ஃபவுண்டரி வேலையிலிருந்து வந்தது. எங்கள் ஊர்க் கரிவர்தன் கட்டிய ரேஸ் கார்களைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். பெயர் தெரியாத பேட்டர்ன்காரர்களிடமும் அந்தத் திறமை இருந்தது என்பதற்கு என் அண்ணனே சாட்சி.

முறைப்படி அனுமதி வாங்கி ஆர்சி புக்கில் பாடி மாற்றத்தைப் பதிந்த பிறகு, என்னை உட்காரவைத்து அன்னூர் ரோட்டில் ஓட்டினான். இருக்கை அவ்வளவு தாழ்வு. பக்கத்தில் போன பஸ்ஸின் டயர் என் தலைக்குச் சமமாகச் சுற்றியது. பயமும் சந்தோஷமும் பிரிக்க முடியாமல் இருந்தது. அப்புறம் என் கல்யாணம் வரை அந்த வண்டியில்தான் காலேஜுக்குப் போனேன்.

பிறகு சேஸ் துருப்பிடித்து ஓட்ட முடியாமல் போனது. பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம். வேறு சேஸில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவரலாமே என்று என் மகன் கேட்கிறான். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அதற்கு வழியில்லை. தோட்டத்துக்குள் ஓடினால் போதும் என்று அண்ணனும் அவனும் இப்போது ஹெரால்ட் சேஸ் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.