கேளுங்க சொல்றோம்: பில்டு ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் நிக்குது

கேள்வி (கீழக்கரை வாசகர்): அண்ணே, போட்டுக்காரங்களுக்காக ஏத்தவத்தம் பாக்குற ஆப் ஒண்ணு சி++ல செய்றோம். பில்டு (கோட ஓடுற ஆப்பா மாத்துற வேலை) நடுவுல ஒரு சின்ன புரோகிராம் ஓடி, வடகடல் தென்கடல் ரெண்டுக்கும் டேபிள் போட்டு ஹெடர் ஃபைலா எழுதிக் குடுக்கும். என் லேப்டாப்ல ஒழுங்கா வருது, பில்டு சர்வர்ல சில நேரம் குப்பை நம்பர எழுதி கம்பைல் எரர்ல நிக்குது. தேடலாம்னு பிரிண்ட் லைன் ஒண்ணு போட்டா பிரச்னையே காணோம். சர்வர்ல ராம் போச்சுன்னு ஒருத்தன் சொல்றான், எல்லா வேரியபிளுக்கும் 0 போட்டு விடுன்னு இன்னொருத்தன் சொல்றான். யார் பேச்சக் கேக்க?

பதில்: ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம் தம்பி. பிரிண்ட் போட்டா மறையுதுன்னு எழுதிருக்கீங்களே, அதுதான் துப்பு. பெரும்பாலும் மதிப்பே வைக்காத வேரியபிள் எதையோ படிக்கிறீங்க. குளோபலும் ஸ்டாடிக்கும் தானா 0 ஆயிடும், ஃபங்ஷனுக்குள்ள சும்மா எழுதுற இன்ட் ஆகாது, மால்லாக்னு ஓடுறப்ப கேட்டு வாங்குற மெமரி இடமும் ஆகாது. அடுத்த போட்டுல கூடை வாங்குனா நேத்து மீனோட செதில் அடியில ஒட்டிருக்கும்ல, அந்தக் கததான். இதுல வேடிக்கை, லினக்ஸ் கர்னல் புதுசா குடுக்குற பேஜ், அதாவது மெமரி துண்டு, 0ஆதான் வரும், அதனால மொத தடவை எல்லாம் சுத்தமா தெரியும், ஃப்ரீ பண்ணுன இடம் திரும்பக் கைக்கு வர்றப்பதான் குப்பை வெளிய வரும். கம்பைலர் வெர்ஷன், ஆப்டிமைசேஷன் மாறுனாலும் ஸ்டேக்ல (லோக்கல் வேரியபிள் உக்காருற மெமரி) கெடக்குற பழசு மாறிடும், லேப்டாப்புக்கும் சர்வருக்கும் ஒத்துப்போகாததுல ஆச்சரியமே இல்ல.

அந்தச் சின்ன புரோகிராம மட்டும் பில்டுலேர்ந்து பிரிச்சு, டீபக் இன்ஃபோவோட கம்பைல் பண்ணி, மெமரி தப்பு தேடுற வால்கிரைண்ட் டூல்ல, குப்பை எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டுற ட்ராக் ஆரிஜின்ஸ் ஆப்ஷன் போட்டு ஓட்டுங்க. மெதுவாத்தான் ஓடும், டீ குடிச்சுட்டு வாங்க. ஒண்ண ஞாபகம் வச்சுக்கங்க, குப்பைய காப்பி பண்றப்ப அது வாய தொறக்காது, அத வச்சு ஒரு இஃப் முடிவெடுக்குறப்பவோ வெளிய எழுதுறப்பவோதான் கத்தும், அதனால அது காட்டுற லைன் குத்தவாளி லைன் இல்ல, ஆரிஜின்னு கீழ சொல்லுது பாருங்க அங்கதான் போகணும். மெமரி எல்லை தாண்டுறத புடிக்கிற அட்ரஸ் சானிடைசர் இத புடிக்காது, நெறைய பேர் அத ஓட்டிட்டு கோடு சுத்தம்னு சொல்லிடுறாங்க. புடிக்கிறது மெமரி சானிடைசர், அது கிளாங் கம்பைலர்ல இருக்கு, ஆனா லைப்ரரி எல்லாத்தையும் அதோட சேத்து பில்டு பண்ணலன்னா பொய்யா அலறும். கிளாங்லயும் ஜிசிசி கம்பைலர் 12லேர்ந்தும் லோக்கல் வேரியபிள்ல வேணும்னே ஒரு பேட்டர்ன் நெரப்புற ஆப்ஷன் இருக்கு, அப்பப்ப ஒடையறது தெனமும் ஒடைஞ்சா தேடுறது லேசு. எந்த கமிட்ல கோடு கெட்டுச்சுன்னு பாதி பாதியா தேடுற கிட் பைசெக்ட்ட இப்ப நம்பாதீங்க, அதிர்ஷ்டத்துல பாஸ் ஆன கமிட்ட நல்லதுன்னு குறிச்சு உங்கள வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடும்.

0 விஷயம். வடகடலுக்கு திருத்தம் வச்சுட்டு தென்கடல் எல்ஸ்ல மறந்திருந்தீங்கன்னு வைங்க, 0 போட்டா பில்டு ஓடும், வால்கிரைண்டும் வாய மூடிக்கும், தென்கடல் போட்டுக்காரருக்கு நேரம் மட்டும் தப்பா போகும். வார்னிங்க அடக்குறதுல டெபியன் லினக்ஸே மாட்டிருக்கு. 2006ல வால்கிரைண்ட் கத்துதுன்னு, ரகசிய சாவி உருவாக்குற ஓப்பன் எஸ்எஸ்எல் லைப்ரரில லைன எடுத்தாங்க, அதுல ரேண்டம் சேக்குற லைனே போயிடுச்சு, 2008 மே மாசம்தான் வெளிய தெரிஞ்சது, அதுவரை அந்த டெபியன்ல உருவான சாவியெல்லாம் ஊகிக்கக் கூடியது.

கேள்வி (தொண்டி கல்லூரி மாணவி): சார், விஷுவல் ஸ்டுடியோல எப்பப் பாத்தாலும் மைனஸ் 858993460ன்னே வருது, இதுவும் குப்பைதானா? எப்படி ஒரே நம்பர்?

பதில்: குப்பை இல்லம்மா, டீபக் பில்டுல மதிப்பு வைக்காத லோக்கல் வேரியபிள்ல ஒவ்வொரு பைட்லயும் அதுவே ஹெக்ஸ் சிசின்னு நெரப்பி வைக்குது, நாலு பைட்ட சேத்துப் படிச்சா இந்த நம்பர். மைனஸ் 842150451 வந்தா ஹீப்ல, அதாவது ஓடுறப்ப கேட்டு வாங்குன இடம்னு அர்த்தம். ரிலீஸ் பில்டுல இந்த உதவி கிடையாது, இப்பவே அந்த வேரியபிள தேடிப் புடிங்க.