கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நிலாவெளியில் ஒரு பெரிய ஹோட்டலில் 7 வருடம் சமையல் வேலை. சம்பளம் 60,000 ரூபாய். சீசன் முடிந்ததும் "நாளைக்கு வர வேண்டாம்" என்று ஒரு கடிதத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: பொறுங்கள் தம்பி. "நானாகவே விலகுகிறேன்" என்று அதில் இருக்கிறதா? இருந்தால் போடாதீர்கள். நானும் ஒருகாலத்தில் வாசிக்காமல் போட்டவன்தான். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், உங்கள் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.

பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 210,000 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியையும் (ETF) எடுக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 55 வயது வரை பொறுக்க வேண்டும். சம்பளத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

மாரி முடியும்வரை ஹோட்டல்கள் ஆள் எடுப்பது குறைவு. அதுவரை காலைச் சாப்பாட்டுப் பார்சல் போட்டுப் பாருங்கள், கைத்தொழில் இருக்கிறதே. புதுக் கடனும் சீட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலை போனதைச் சொல்லாமல் நான் இரண்டு கிழமை வேலைக்குப் போவதுபோல் சேர்ட் போட்டுக்கொண்டு டச்சுக் குடாக் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு மூன்றாம் நாளே தெரியுமாம்!